தானே ஆறும் என்று விற்கிற தொட்டிப் பூச்சு: வேலூரில் வாங்கலாமா?

தரைக்கு அடியில் கட்டப்படும் தண்ணீர்த் தொட்டிகளுக்காக, 'விரிசல் விட்டால் தானே அடைத்துக்கொள்ளும்' என்ற வாக்குறுதியோடு வேலூர் ஹார்டுவேர்க் கடைகளில் கிடைக்கும் கிரிஸ்டலைன் வாட்டர் புரூஃபிங் தூளைப் பற்றிய மதிப்புரை இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் சுவரில் மயிரிழை விரிசல் இருந்து, அந்தச் சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்குமானால், இந்தத் தூள் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. குழாய் நுழையும் இடம், தரையும் சுவரும் சேரும் மூலை, செங்கல் வைத்துக் கட்டிப் பூசிய பழைய தொட்டி ஆகிய மூன்றுக்கும் இதை நம்பிப் பணம் போடுவது வீண். சிக்கல் என்னவென்றால், நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஒழுகுவது இந்த மூன்று இடங்களில்தான்.

எங்கள் வீடு பாலாற்றங்கரையை ஒட்டிய விருதம்பட்டில் இருக்கிறது. வீட்டுச் சம்ப் கான்கிரீட்டில் வார்த்தது. உள்ளளவு 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் ஆழம். நிரம்பினால் 7,200 லிட்டர் பிடிக்கும். காவிரி கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்து, வராத நாளில் அதை வைத்தே ஓட்டுகிற தெருக்களில் சம்ப் ஒழுகுவது சாதாரணத் தொல்லை இல்லை. ஆனால் வெளியே போகிற தண்ணீரைவிட உள்ளே வருகிற தண்ணீர்தான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது கரையோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் மட்டம் மேலே ஏறியது. அப்படிப்பட்ட காலத்தில் பாதி காலியாக இருக்கிற சம்ப்புக்குள் வெளியிலிருக்கும் தண்ணீர் விரிசல் வழியாக நுழையும். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிலத்தையும் நீரையும் எந்த அளவுக்குக் கெடுத்தன என்பதை உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அந்த நிலத்தடி நீரும், பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்க் கசிவும், காவிரித் தண்ணீரோடு நம் சமையலறைக்கு வருவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

இந்த ஒரு காரணத்துக்காகவே சாதாரண பெயிண்ட் வகைகளை ஒதுக்கிவிட்டேன். தொட்டியின் உட்புறம் பூசுகிற எந்தப் படலமும், உள்ளே தண்ணீர் நிற்கும்போது சுவரோடு அழுத்தப்பட்டு நன்றாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து நீரழுத்தம் வந்தால் கொப்புளம் கட்டி உரிந்துவிடும். கிரிஸ்டலைன் தூள் படலமாக நிற்பதில்லை. கான்கிரீட்டின் துளைகளுக்குள் இறங்கி அங்கேயே படிகமாகிவிடுவதால், அழுத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் உரிவதற்கு ஒன்றும் இல்லை. அமெரிக்கக் கான்கிரீட் கழகம் நீர்க்கசிவைக் குறைக்கும் கலவைகளை நீரழுத்தம் உள்ள இடத்துக்கானவை, இல்லாத இடத்துக்கானவை என இரண்டாகப் பிரித்து, கிரிஸ்டலைன் வகையை முதல் பிரிவில் வைத்திருப்பதும் இதனால்தான்.

'தானே ஆறுவது' என்பதன் பொருள் இதுதான். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு, உபரியாக உண்டாகிறது. இறுகாமல் மிஞ்சிய சிமெண்ட் துகள்களும் கான்கிரீட்டுக்குள் பல ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். தூளில் இருக்கும் வேதிப்பொருள்கள் ஈரத்தின் வழியே உள்ளே பரவி, இந்தச் சுண்ணாம்போடும் சிமெண்ட் துகள்களோடும் வினைபுரிந்து, நீரில் கரையாத ஊசி போன்ற படிகங்களைத் துளைகளிலும் நுண்விரிசல்களிலும் வளர்க்கின்றன. ஈரம் போனால் வளர்ச்சி நிற்கும். பிறகு புதிதாக விரிசல் விட்டுத் தண்ணீர் நுழைந்தால் மீண்டும் தொடங்கும். உலகெங்கும் விற்கப்படும் ஸைபெக்ஸ், பெனட்ரான், கிரைட்டன் போன்ற பெயர்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவைதான், 0.4 அல்லது 0.5 மி.மீ. அகலம் வரையிலான விரிசலை அடைக்கும் என்பது இந்த வகைப் பொருள்களின் வழக்கமான உறுதிமொழி. நான் வாங்கியது எந்த நிறுவனத்தின் சரக்கு என்று இங்கே சொல்லப்போவதில்லை. இங்கே எழுதுவது வகையைப் பற்றித்தான், பெயரைப் பற்றி இல்லை.

பூசும் வேலைதான் இதில் பாதி. சம்ப்பைக் காலி செய்து, கம்பிப் பிரஷ்ஷால் பாசியையும் மேலே படிந்திருக்கும் சிமெண்ட் பாலையும் சுரண்டி எடுத்து, உள்ளிருக்கும் கான்கிரீட்டின் துளைகள் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். பிறகு சுவர் முழுக்கத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மேலே நிற்கிற தண்ணீரை மட்டும் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். எங்கள் கொத்தனாருக்கு இதுதான் ஒப்பவே இல்லை. "இன்னா சார், ஈரத்து மேல பூசச் சொல்றீங்க? காய்ஞ்சாதானே எதுவும் பிடிக்கும்" என்றார். பெயிண்ட் அடித்துப் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் காய்ந்த சுவரில் பூசினால் வேதிப்பொருளை உள்ளே சுமந்து செல்லத் தண்ணீர் இருக்காது, வெறும் சிமெண்ட் தடவியதாகத்தான் முடியும். பையில் அச்சிட்டிருந்தபடி ஐந்து பங்கு தூளுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்தால், கலவை தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வருகிறது. வேலூர் வெயிலில் அது வாளியிலேயே இறுகத் தொடங்கிவிடுவதால், அரை மணி நேரத்துக்குள் பூசி முடிக்கிற அளவுக்கு மட்டுமே கலக்க வேண்டும். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறுவது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். பக்கத்தில் நின்று தடுக்காவிட்டால் அது நடந்தே தீரும்.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் இதைச் சரியாகச் சொல்வதில்லை. எங்கள் சம்ப்பின் நான்கு சுவர்களும் சேர்ந்து 14.4 சதுர மீட்டர், தரை 4 சதுர மீட்டர். ஒரு பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு 0.8 கிலோ வீதம் இரண்டு பூச்சுக்கு ஏறத்தாழ 30 கிலோ பிடிக்கிறது. கடைக்காரர் பரிந்துரைத்தது இதில் பாதி. ஒரே பூச்சில் இழுத்துத் தேய்த்தால் போதும் என்பது அவருடைய வாதம். அப்படித் தேய்த்தால் மணல் துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் பூச்சு காகிதம் போல மெலிந்துவிடும். முதல் பூச்சு தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், அது முற்றிலும் காய்வதற்குள், இரண்டாவது பூச்சு போட வேண்டும். அதன் பின் மூன்று நாள் காலை, மதியம், மாலை என்று தண்ணீரைப் புகை போலத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூடிய சம்ப்புக்குள் ஆள் இறங்கும்போது காற்றாடி வைத்துக் காற்றோட்டம் உண்டாக்குவதும், மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் கட்டாயம். இந்தக் கலவை கடுமையான காரத்தன்மை கொண்டது என்பதால் கையுறையும் கட்டாயம். வெறுங்கையால் வேலை செய்த உதவியாளரின் விரல் இடுக்குகள் அன்று மாலையே வெந்துபோயிருந்தன.

பலனை அளப்பதற்கு எளிய வழி இருக்கிறது. இரவில் மோட்டாரை நிறுத்தி, வால்வை மூடி, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, காலையில் ஸ்கேலால் அளந்தால் போதும். மூடிய தொட்டியில் ஆவியாவது மிகச் சொற்பம். எங்கள் சம்ப்பின் தரைப்பரப்பு 4 சதுர மீட்டர் என்பதால் மட்டம் ஒரு மி.மீ. இறங்கினால் 4 லிட்டர் போயிற்று என்று பொருள். பூசுவதற்கு முன் ஓர் இரவில் ஏறத்தாழ அரை அங்குலம் இறங்கிக்கொண்டிருந்தது. அதாவது சுமார் ஐம்பது லிட்டர். பூசி நிரப்பிய முதல் வாரத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து பாதிக்கும் கீழே வந்தது. கிழக்குச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய மயிரிழை விரிசல், தொட்டியைக் காலி செய்தால் முன்பெல்லாம் ஈரக்கோடாகத் தெரியும். இப்போது அந்த இடத்தில் நகத்தால் கீறினாலும் உதிராத வெள்ளை நூல் ஒன்று ஓடுகிறது. வெளியிலிருந்து வருகிற கசிவும் அந்தச் சுவரில் நின்றிருக்கிறது. தொட்டியைக் காலியாக வைத்திருந்த மழைநாளில்கூட அந்தக் கோட்டில் ஈரம் தென்படவில்லை.

ஆனால் இந்தப் பெருமை முழுவதையும் தூளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. சம்ப்பை ஒட்டி, அதே நாளில் அதே கலவையில் வார்த்த சிறிய அறை ஒன்று இருக்கிறது. சம்ப் நிரம்பினால் மிகைநீர் அதில் விழும். அதற்கு அப்போது எந்தப் பூச்சும் போடவில்லை. அதன் சுவரில் இருந்த மெல்லிய விரிசலும், சற்றுத் தாமதமாக, வெள்ளை படிந்து அடைந்துவிட்டது. இதில் அதிசயம் ஏதும் இல்லை. வெறும் கான்கிரீட்டுக்கே ஓரளவு ஆறும் இயல்பு உண்டு. விரிசலுக்குள் வரும் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு சுண்ணாம்பு சேர்ந்து கால்சைட் படிகமாகப் படிகிறது. கான்கிரீட் ஆய்வாளர் கரோலா எட்வர்ட்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, தண்ணீர் தேக்கும் கான்கிரீட்டின் மெல்லிய விரிசல்கள் ஆறுவதற்கு இந்தக் கால்சைட்தான் ஏறக்குறைய முழுக் காரணம் என்றும், ஆறும் வேகத்தை விரிசலின் அகலமும் நீரழுத்தமும் தீர்மானிக்கின்றன, தண்ணீரின் கடினத்தன்மை அல்ல என்றும் காட்டியது. 'நம்ம ஊர் உப்புத் தண்ணிக்கு விரிசல் தானா அடைச்சிக்கும்' என்று போர் தண்ணீரைச் சுட்டிச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, 0.1 மி.மீ. விரிசலுக்குத் தூளே தேவையில்லை, தண்ணீரும் பொறுமையும் போதும், 0.5 மி.மீட்டருக்கு மேல் போனால் தூளாலும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற குறுகிய இடைவெளிதான் இந்தப் பொருளின் உண்மையான களம். தண்ணீர் தேக்கும் கட்டுமானங்களுக்கான ஐ.எஸ். 3370 என்ற இந்தியத் தர விதி, விரிசலின் அகலம் 0.2 மி.மீட்டரைத் தாண்டாதபடி கம்பி கட்ட வேண்டும் என்கிறது. அந்த விதிப்படி கட்டிய தொட்டிக்கு இந்தத் தூள் கூடுதல் காப்பு. கம்பியில் மிச்சம் பிடித்துக் கட்டிய தொட்டிக்கு இது மருந்து ஆகாது. விரிசல் நிலையாக நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் காலியாகும்போதும் வாய் திறந்து மூடுகிற விரிசலில் வளர்ந்த படிகம் மறுநாளே உடைந்துவிடும்.

இனி, தோற்ற இடங்கள். பூச்சுக்குப் பின் மட்டத்தைத் தொடர்ந்து அளந்தபோது, தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்து முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. மோட்டார் வைத்த பள்ளத்துக்குப் போகும் பி.வி.சி. குழாய் சுவரைத் துளைத்துச் செல்வது சரியாக அந்த உயரத்தில்தான். மிச்சமிருந்த கசிவு முழுவதும் அங்கேதான் என்பதை அந்த மட்டமே காட்டிக்கொடுத்துவிட்டது. பி.வி.சி.யில் சுண்ணாம்பும் இல்லை, சிமெண்ட்டும் இல்லை. படிகம் எதைப் பிடித்து வளரும்? போதாக்குறைக்கு பி.வி.சி. வெப்பத்தில் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்குகிறது. கட்டும்போதே படில் ஃபிளாஞ்ச், அதாவது சுவருக்குள் புதையும் வட்டத் தட்டு, வைத்த குழாயைப் போட்டிருந்தாலோ, தண்ணீர் பட்டால் உப்பி இடைவெளியை நிரப்பும் பட்டையைச் சுற்றியிருந்தாலோ இந்த வேலையே வந்திருக்காது.

அந்த இடத்துக்கு நான் பயன்படுத்தியது தண்ணீருக்குள்ளேயே இறுகும் எபாக்ஸி புட்டி. இரண்டு நிறத்தில் வரும் துண்டுகளை, கோடு எதுவும் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை ஈரக்கையால் பிசைந்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய குழாயைச் சுற்றி அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்கிறது. முதலில் நழுவும், மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் விலகும்வரை கட்டைவிரலால் விடாமல் அழுத்த வேண்டும். கசிவு நின்றுவிட்டது. எனினும் இந்தப் புட்டியின் அட்டையிலும் தானே ஆறும் என்ற பொருள்பட விளம்பரம் இருப்பது சரியில்லை. தண்ணீருக்குள் ஒட்டுவது வேறு, தண்ணீருக்குள் ஆறுவது வேறு. இறுகிய எபாக்ஸி ஒருமுறை விரிசல் விட்டால் விட்டதுதான். தரையும் சுவரும் சேரும் மூலையை, பூச்சுக்கு முன்பே ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டி, சில நிமிடங்களில் இறுகும் பிளக் சிமெண்ட் வைத்து அடைத்து, அதன்மேல் கிரிஸ்டலைன் பூச வேண்டியிருந்தது.

செங்கல் தொட்டிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வேலூரின் சைதாப்பேட்டை, கொசப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் இருக்கும் தொட்டிகள் பலவும் செங்கல்லில் கட்டி மேலே சிமெண்ட் பூசியவை. செங்கல்லில் இந்த வேதிப்பொருளோடு சேரச் சுண்ணாம்பு கிடையாது. மேலே இருக்கும் அரை அங்குலப் பூச்சும் பல ஆண்டுகளாகக் காற்றுப் பட்டு அதன் சுண்ணாம்பை இழந்திருக்கும். அப்படிப்பட்ட தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தத் தூளுக்குக் கொடுக்கிற பணத்தைப் பழைய பூச்சை உரித்துப் புதிதாகப் பூசச் செலவிடுவது மேல்.

உண்மையிலேயே தண்ணீருக்குள் ஆறும் பொருள்கள் ஆய்வகங்களில் இல்லாமல் இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ், பாக்டீரியா விதைகளையும் அவற்றுக்கான உணவாகக் கால்சியம் லாக்டேட்டையும் கான்கிரீட்டில் கலந்து, விரிசலில் தண்ணீர் நுழைந்ததும் அவை விழித்துச் சுண்ணாம்புக் கல்லை உண்டாக்கும்படி செய்தார். கடலுக்குள் பாறையைப் பிடித்துக்கொள்ளும் சிப்பிகளின் பசையில் இருக்கும் கேட்டகால் என்ற வேதி அமைப்பைப் பின்பற்றி, வெட்டிய துண்டுகள் தண்ணீருக்குள்ளேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும் பாலிமரை கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். பழைய சரக்கும் சளைத்தது இல்லை: ரோமானியக் கான்கிரீட்டில் காணப்படும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளே அதன் விரிசல்களை ஆற்றுகின்றன என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு 2023-இல் காட்டியது. அதே முறையில் அவர்கள் வார்த்த கான்கிரீட்டில் 0.5 மி.மீ. விரிசல் இரண்டு வாரத்தில் அடைந்தது. நம் பக்கத்துக் கடுக்காய், வெல்லச் சுண்ணாம்புக் காரையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன். ஆனால் சிப்பிப் பசையில் பிறந்த அந்தப் பாலிமர் உங்கள் சம்ப்புக்கு இப்போதைக்கு வரப்போவதில்லை.

குடிநீர்த் தொட்டி என்பதால் ஓர் எச்சரிக்கை. புதிதாகப் பூசிய தொட்டியில் முதலில் நிற்கும் தண்ணீர் காரத்தன்மை ஏறி வழுவழுப்பாக இருக்கும், மேலே வெள்ளை ஆடை படியும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 விதி அனுமதிப்பது பி.எச். 6.5 முதல் 8.5 வரைதான். முதல் சில நிரப்புகளைத் தோட்டத்துக்கோ கழிவறைக்கோ விட்டுவிட்டு, மலிவான பி.எச். தாளில் சோதித்து அளவுக்குள் வந்த பிறகே குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டும். வாங்கும்போது பையில் குடிநீர்த் தொடர்புக்கான என்.எஸ்.எஃப். 61 சான்று இருக்கிறதா என்று பாருங்கள். தூளுக்கு மட்டும் அல்ல, புட்டிக்கும் பாருங்கள்.

விலை, திரவமாக வரும் சாதாரண வாட்டர் புரூஃபைவிடப் பல மடங்கு. அதற்கேற்ற சேவையைக் கடையில் எதிர்பார்க்க முடியாது. எனக்கு முதலில் கொடுத்த பை, அழுத்திப் பார்த்தால் உள்ளே கட்டி கட்டியாக இருந்தது; தயாரிப்பு மாதம் அச்சிட்ட இடத்தில் விலை ஒட்டி மறைத்திருந்தார்கள். ஈரம் குடித்துக் கட்டிபட்ட தூள் தன் வேலையைப் பையிலேயே முடித்துவிட்டது என்று பொருள். மாற்றித் தரச் சொல்லிச் சற்று நேரம் வாதாட வேண்டியிருந்தது. மாற்றிக் கொடுத்த கையோடு கடைக்காரர், "மிச்சம் இருந்தா மொட்டை மாடிக்கும் அடிச்சிடுங்க சார், சூப்பரா இருக்கும்" என்று யோசனையும் சொன்னார். கோடையில் நாற்பது டிகிரிக்கு மேல் காய்ந்து, இரவில் குளிர்ந்து, தினமும் விரிந்து சுருங்குகிற, ஆண்டில் பாதி நாள் ஒரு சொட்டு ஈரமும் காணாத வேலூர் மொட்டை மாடியில் படிகம் வளர வழியே இல்லை. அங்கே நெகிழ்ந்து கொடுக்கிற பூச்சுதான் வேண்டும். மிஞ்சிய இரண்டு கிலோவை அந்த மிகைநீர் அறையின் சுவரில் பூசிவிட்டேன்.